வீட்டு லாரியில் அடித்த ஆணி

துரைக்கு ஒரு வீடு போதவில்லை. மலாயாவில் லாபிஸுக்குப் பக்கத்தில் எங்கள் ரப்பர் எஸ்டேட், அதன் மேட்டில் அவருடைய பங்களா. அதை ஒரு சுற்று ஓடி வந்தால் எங்களுக்கு மூச்சு வாங்கும். அதற்குள் இருந்தது அவரும் துரைசானியும் ஒரு நாயும். கீழே கூலிக்காரர் லயத்தில் ஒரே அறையில் நாங்கள் ஆறு பேர்; மாமா வந்த பிறகு ஏழு. அப்படியிருந்தும் இடம் போதவில்லை என்று தவித்தவர் துரைதான், பாருங்கள். பழைய லாரி ஒன்றை வாங்கி, அதன் முதுகில் சீன ஆசாரியை வைத்து மரத்தால் அறை கட்டி, இரண்டு கட்டில், மடக்கு மேசை, அடுப்பு, சன்னலுக்குப் பூப்போட்ட திரை என்று சக்கரத்தின் மேல் இன்னொரு வீடு செய்துகொண்டார். மெர்சிங் கடற்கரைக்குப் போய் நாலு நாள் காற்று வாங்க வேண்டுமாம். நாங்கள் அதை வீட்டு லாரி என்போம்.

ஜப்பான்காரன் வருவதற்கு ஆறேழு வருடம் முந்திய கதை இது. எனக்கு அப்போது ஒன்பது வயது. எங்கள் லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கு. அந்த லாரிக்குள்ளோ நாலு மின்சார விளக்கு. அந்த நாலையும் போட்டவர் என் மாமா, அம்மாவின் தம்பி.

மாமா சிங்கப்பூரில் ஒரு மோட்டார் பட்டறையில் ஐந்து வருடம் இருந்து வயர் வேலை படித்தவர். ஒல்லி, காதில் எப்போதும் ஒரு பென்சில். ஒரு வேலையைத் தொட்டால் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் காதில் விழாது. லாரியின் உட்கூரை ஓரமாக வயரை இழுத்து, ஒவ்வோர் இணைப்பிலும் ஈயம் உருக்கி வைத்து, டேப் சுற்றி, அதன் மேல் மெல்லிய மரப்பட்டியை வைத்து மூடினார். மூடும் முன் என்னைக் கூப்பிட்டு ஒவ்வோர் இணைப்பையும் இழுத்துப் பார்க்கச் சொன்னார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன். ஒன்றும் அசையவில்லை. அதில் அவருக்கு அத்தனை சந்தோஷம்.

அவருக்கு ஒரு கணக்கு இருந்தது. மெர்சிங் பயணம் நல்லபடியாக முடிந்தால் நிரந்தர வயர்மேன் வேலை, ஸ்டோருக்குப் பின்னால் சிமெண்டுத் தரை போட்ட ஓர் அறை. துரை வாயாலேயே சொன்னது, ஆபீஸ் கணக்கெல்லாம் பார்க்கும் பெரிய கிராணியும் கூட இருந்து கேட்டது. மாமாவின் மனைவி, என் அத்தை, அப்போது சிகாமட்டில் தன் அண்ணன் வீட்டில் இருந்தார், ஏழு மாதக் கர்ப்பிணி. அந்த வீடு ஆற்றை ஒட்டியது. வருடக் கடைசியில் மழை பிடித்தால் முதலில் தண்ணீர் நுழைகிற வீடு என்று மாமா சொல்வார். "மழைக்கு முந்தி கூட்டிட்டு வந்துரணும்க்கா" என்பதை அவர் அம்மாவிடம் தினமும் ஒரு தடவையாவது சொல்லாமல் இருந்ததில்லை.

அப்பா ஸ்டோரில் எஞ்சின்காரர். ரப்பர்த் தாள் அழுத்தும் இயந்திரங்களும் பங்களாவுக்கு விளக்கு எரிக்கும் டைனமோவும் அவர் பொறுப்பு. வீட்டு லாரியின் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவதும் அவர்தான், அதனால் கராஜ் சாவி அவரிடம் இருந்தது. பொய் சொல்லாதவர் என்று எஸ்டேட்டில் அவருக்குப் பெயர். அந்தப் பெயர் கடைசிவரை போகவில்லை. போகாமல் பார்த்துக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி.

அந்த வருடம் ஆயுத பூசைக்கு மாமா சிகாமட் போய்விட்டார். துரையும் துரைசானியும் சிங்கப்பூரில். ஸ்டோரில் எஞ்சினுக்கும் உருளைகளுக்கும் சந்தனம், குங்குமம், பொரி, கடலை எல்லாம் முறைப்படி நடந்தது. வீட்டு லாரிக்கு மட்டும் பூசை கூடாது. முந்திய வருடம் துரையின் காருக்குப் பூசை போட்டபோது எவனோ ஏற்றிய சூடம் முன்பக்கத்துப் பெயிண்டைப் பொசுக்கிவிட்டது. அன்றிலிருந்து துரை கறாராகச் சொல்லியிருந்தார்: என் வண்டியில் ஒரு பொட்டோ ஓர் ஆணியோ கண்டேன், வைத்தவன் அன்றைக்கே எஸ்டேட்டை விட்டு வெளியே.

அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. புதுசாகச் செய்த வண்டி, முதல் ஆயுத பூசை. பேட்டரியும் பெட்ரோலும் வைத்த வண்டியைப் பூசை இல்லாமல் தூர தேசத்துக்கு ஓட்டுவதா? அம்மாவும் ஆமாம் என்றாள். அவளே மாவிலை பறித்துச் சின்னதாக ஒரு தோரணம் கட்டிக் கொடுத்தாள். அப்பா என்னை மட்டும் கூட்டிக்கொண்டு கராஜைத் திறந்தார். பேட்டரிக்கு ஒரு பொட்டு, ஸ்டியரிங்குக்கு ஒரு பொட்டு. தோரணம் கட்ட லாரியின் பின்வாசல் மேலே, உள்பக்கம், ஒரு பித்தளை ஆணி. "நடுவுல இல்லப்பா, இன்னும் கொஞ்சம் வலப்பக்கம்" என்று கீழே நின்று வழி சொன்னவள் நான். இரண்டே அடி, ஆணி இறங்கிவிட்டது. மூன்றாம் நாள் பொட்டைத் துடைத்து, தோரணத்தை எடுத்துவிட்டோம். ஆணியைப் பிடுங்கினால் வார்னிஷ் பெயரும் என்று அப்பா அதன் தலையை மரத்தோடு மரமாக அடித்து உள்ளே இறக்கி, மேலே பழுப்பு மெழுகு தடவினார். யார் பார்த்தாலும் தெரியாது. சாமிக்குச் செய்ததைத் துரைக்கு மறைத்தது எங்களுக்குத் தப்பாகவே படவில்லை.

பத்து நாள் கழித்து துரை நண்பர்கள் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு ஒரு சாயங்காலம் வெள்ளோட்டம் போனார். செம்மண் சடக்குப் பாதையில் அரை மைல் தாண்டவில்லை, நாலு விளக்கும் ஒன்றாக அணைந்துவிட்டன. அரிக்கேன் விளக்கைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார்கள். மாமா பியூஸ் கம்பி மாற்றினார், கராஜுக்குள் நாலும் பளிச்சென்று எரிந்தன. மறுபடி சடக்கில் இறக்கினால் மறுபடி இருட்டு. மலாய்க்கார டிரைவர் கையை விரித்துவிட்டார். "அலமாக்! இது ஹந்து வேலை லா. பேய் புகுந்த வண்டி" என்று லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு போனார். ஜனங்கள் வேலை முடிந்து வந்து கராஜ் வாசலில் வேடிக்கை பார்த்தார்கள். துரைசானி சிங்கப்பூர் விருந்தாளிகளைச் சனிக்கிழமைக்கு அழைத்திருந்தார். வெள்ளிக்கிழமைக்குள் சரியாகவில்லை என்றால் வயர்மேனும் வேண்டாம், வயரும் வேண்டாம் என்று துரை கிராணி மூலம் சொல்லி அனுப்பினார். அன்று செவ்வாய்க்கிழமை.

மாமா பதறவில்லை. அவர் தேடிய முறை இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அந்த வேலையில் என்னையும் சேர்த்துக்கொண்டார். நாலு விளக்கிலிருந்தும் பல்பைக் கழற்றிவிட்டு, சுவிட்சுகளை எல்லாம் போட்டுவிட்டார். பியூஸ் கம்பி இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு பல்பை வயரோடு மாட்டி என் மடியில் கொடுத்தார். "இப்ப கரண்ட் போக வழியே இல்ல பாப்பா. அப்பவும் இந்தப் பல்பு எரிஞ்சா, எங்கயோ திருட்டுத்தனமா இரும்புல பாயுதுன்னு அர்த்தம். நீ பல்ப மட்டும் பாரு" என்றார். டிரைவர் சாமியையும் ஹந்துவையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே வண்டியைக் குண்டும் குழியுமான பாதையில் விட்டார். ஒவ்வொரு குழியிலும் பல்பு மினுக்கியது. "எரியுது மாமா! எரியுது!" என்று நான் கத்தினேன். எனக்கு அது தீபாவளி.

ஒரு விளக்கின் வயரைக் கழற்றிவிட்டு ஓர் ஓட்டம். எரிந்தது. இன்னொன்றைக் கழற்றிவிட்டு இன்னோர் ஓட்டம். அப்போதும் எரிந்தது. புதன்கிழமை சாயங்காலம் அடுப்பு விளக்குக்குப் போகும் வயரைக் கழற்றினார். எத்தனை குழியில் விழுந்தாலும் பல்பு செத்தது செத்ததுதான். மாமா வண்டிக்குள்ளேயே உட்கார்ந்து சிரித்தார், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நேரமாகிவிட்டது, டிரைவரும் வண்டியைக் கராஜில் விட்டுவிட்டுப் போய்விட்டார். பைப்படியில் கை கழுவிக்கொண்டே மாமா என்னிடம் சொன்னார்: "அம்புட்டுத்தான் பாப்பா. பின்வாசல் மேல போற வயர்லதான் இருக்கு. நாளைக்கு அந்தப் பட்டியக் கழட்டுனா கைல மாட்டிக்கும்."

பின்வாசல் மேலே என்றதும் எனக்குப் புரிந்துவிட்டது. நான் கெட்டிக்காரி என்று எனக்கே பெருமை. ஸ்டோருக்கு ஒரே ஓட்டமாக ஓடி, எஞ்சின் சத்தத்துக்கு மேலே அப்பாவின் காதில் கத்தினேன்: "அப்பா! நாம ஆணி அடிச்ச எடம்தான்ப்பா! மாமா நாளைக்குப் பட்டியக் கழட்டப் போறாரு!"

அப்பா எஞ்சினை நிறுத்தினார். வேலை நேரத்தில் அவர் எஞ்சினை நிறுத்தி நான் பார்த்ததில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் இரண்டு தோளையும் பிடித்தார்.

"நாம ஆணி ஏதும் அடிக்கல. யாரு கேட்டாலும் அதான். புரிஞ்சுதா?"

அப்பா எனக்குச் சமமாக உட்கார்ந்து பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தலையை ஆட்டு ஆட்டென்று ஆட்டினேன்.

வியாழக்கிழமை காலையிலிருந்து மாமாவை ஸ்டோரில் வேறு வேலைக்கு இழுத்து வைத்துக்கொண்டார் அப்பா. பட்டியை மத்தியானம் கழற்றிக்கொள்ளலாம் என்று மாமாவும் இருந்துவிட்டார். சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரும் மாமாவைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்க வேண்டியது என் வேலை. அப்பா சொன்னது அவ்வளவுதான். எப்படிப் பிடித்து வைப்பது என்பது என் சொந்த மூளை. "அத்தைக்கு நான் ஒரு காயிதம் எழுதணும் மாமா, சொல்லிக் குடுங்க" என்றேன். எஸ்டேட்டுத் தமிழ்ப் பள்ளியில் மூன்றாவது படித்தேன், எழுத்து கோணல் மாணலாக வரும். மாமா உருகிப்போய்விட்டார். காதிலிருந்த பென்சிலை எடுத்துக் கொடுத்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அன்புள்ள அத்தைக்கு, நீங்கள் சீக்கிரம் வாருங்கள், மாமா உங்களுக்குச் சிமெண்டுத் தரை வீடு வாங்கிவிட்டார், பாப்பாவுக்கு நான் தொட்டில் ஆட்டுவேன். எழுதினேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். எழுத்துப் பிழையை வேண்டுமென்றே விட்டு, அவரைத் திருத்த வைத்தேன். அடிப்பாவி என்று இன்று என்னையே வைதுகொள்கிறேன். அன்று எனக்கு அது வெறும் சாமர்த்தியம்.

நாங்கள் கராஜுக்குப் போனபோது வீட்டு லாரி வெளியே நின்றது. நாலு விளக்கும் பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தன. துரை, பெரிய கிராணி, டிரைவர் எல்லாரும் சுற்றி நின்றார்கள். குண்டும் குழியுமான பாதையில் இரண்டு தடவை ஓட்டிப் பார்த்தாகிவிட்டது, விளக்கு அணையவில்லை. அப்பா கையில் விரல் நீளத்துக்கு ஒரு வயர்த் துண்டு, நடுவில் கருகிப்போனது.

"ஜாயிண்டு சரியில்லீங்க. ஈயம் ஒழுங்கா பிடிக்கல. நான் வெட்டி எடுத்துட்டு வேற போட்டேன்" என்று அப்பா கிராணியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். மாமாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

மாமா அந்தத் துண்டை வாங்கினார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகத்தால் கருகலைச் சுரண்டினார். "இது ஜாயிண்டே இல்லீங்க. இதுல ஈயமே படல. குறுக்க என்னமோ குத்தியிருக்கு, பாருங்க, ஓட்ட இருக்கு" என்றார், மெதுவாகத்தான்.

"உன் அத்தானே சொல்றாரு. அவருக்கு உன்மேல என்ன பகையா? வாய மூடு" என்றார் கிராணி.

எல்லாரும் அப்பாவைப் பார்த்தார்கள். சொந்த மச்சானைப் பற்றி ஒருவர் குறை சொன்னால் அது மெய்யாகத்தான் இருக்கும் என்று யாருக்கும் தோன்றும். துரை அந்தத் துண்டைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. மரத்தால் செய்த வண்டி, உள்ளே தூங்கும்போது தீப்பிடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் கேட்டதைக் கிராணி தமிழில் கூச்சலாகச் சொன்னார். இருபத்து நாலு மணி நேரத்தில் மாமா எஸ்டேட்டை விட்டுப் போக வேண்டும்.

ஆணி வயரைத் துளைத்துக்கொண்டு போய் இரும்புச் சட்டத்துக்கு மயிரிழை முன்னால் நின்றிருக்கிறது. வண்டி குலுங்கினால் சட்டத்தைத் தொடும், நின்றால் விலகும். மின்சாரம் தெரிந்தவர்களிடம் பின்னால் கேட்டு நான் தெரிந்துகொண்டது இது. எனக்கு விளங்காதது வேறு. அப்பா எலி கடித்தது என்று சொல்லியிருக்கலாமே! எலிக்கு வேலை போகாது, எலியை யாரும் லயத்தை விட்டுத் துரத்தமாட்டார்கள். கராஜுக்குள் எலி வந்தால் சாவி வைத்திருந்தவர் பதில் சொல்ல வேண்டும் என்று பயந்தாரோ, இல்லை அந்தச் சிமெண்டுத் தரை அறை அவர் மனதில் முன்பே இருந்ததோ. பெற்ற தகப்பனைப் பற்றி இப்படி நினைக்கலாமா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். இரண்டே வாரத்தில் வீட்டு லாரியின் விளக்குப் பொறுப்பு அப்பாவுக்கு வந்தது. அந்த அறைக்கு நாங்கள் குடிபோனோம். அதில் ஒரு பல்பு இருந்தது. அந்த வெளிச்சத்தில்தான் நான் படித்தேன், பெரியவளானேன், கல்யாணமாகி வெளியே வந்தேன்.

அந்த வருடக் கடைசியில் சிகாமட்டில் ஆறு பெருகியது. அத்தை இருந்த வீட்டில் தண்ணீர் புகுந்ததா, குழந்தை பிறந்ததா, ஆணா பெண்ணா, எதையும் கேட்க எங்கள் வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. சொந்தத் தம்பி! மாவிலை பறித்துக் கட்டியவளுக்குத் தெரியாதா, அந்தத் தோரணம் எதில் தொங்கியது என்று? யாராவது மாமாவைப் பற்றி விசாரித்தால், "அவன் வேலைல கவனம் இல்லாதவன்" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவாள். மாமா அதன் பிறகு எங்கள் வாசலை மிதிக்கவில்லை. எந்த ஊரில் இருந்தார், எப்போது செத்தார் என்றுகூட எனக்குத் தெரியாது.

நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது அந்த வெள்ளிக்கிழமை காலையில். அம்மா சோறு கட்டிக் கொடுத்தாள். அப்பா விடியும் முன்பே ஸ்டோருக்குப் போய்விட்டார். நான் சோற்றுப் பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு சடக்கு வரை மாமாவோடு போனேன். அவர் ஒரு கையில் தகரப்பெட்டி, இன்னொரு கையில் சாமான் பை. சடக்கு முனையில் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அதன் மேல் உட்கார்ந்தார்.

"பாப்பா, மாமா ஒண்ணு கேட்டா நெசத்தச் சொல்லுவியா?"

"ம்."

"நான் ஊருக்குப் போனப்ப வண்டில தோரணம் ஏதும் கட்டுனீங்களா? பின்வாசல் மேல ஆணி ஏதாச்சும் அடிச்சீங்களா?"

"இல்ல மாமா."

"நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. ரயிலுக்கு இன்னும் நேரம் இருக்கு. நீ ஆமான்னா இப்படியே திரும்பிப் போயி கிராணிய அந்தப் பட்டியக் கழட்டி ஆணி ஓட்டையப் பாக்கச் சொல்லுவேன். உன் அப்பா பேரச் சொல்ல மாட்டேன். யாரோ அடிச்சதுன்னு சொல்லிக்கிறேன்."

நான் அவர் கண்ணை நேராகப் பார்த்தேன். பள்ளியில் திருக்குறள் ஒப்பிக்கும்போதுகூட நான் அத்தனை தெளிவாகப் பேசியதில்லை.

"நாங்க ஆணியே அடிக்கல மாமா."

மாமா எழுந்தார். "சரிம்மா" என்றார். என் தலையைத் தடவிவிட்டு, சோற்றுப் பொட்டலத்தை வாங்கிப் பைக்குள் வைத்தார். பெட்டியைத் தூக்கிக்கொண்டு லாபிஸ் பக்கம் நடந்தார். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காதது எனக்கு வருத்தமாக இருந்தது.

மத்தியானம் அப்பா சாப்பிட வந்தார். அம்மா சோறு போட்டுக் குழம்பு ஊற்றினாள், அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எனக்குப் பொறுமை இல்லை. அப்பாவின் எதிரே போய் நின்றேன். மாமா கேட்டதையும், இரண்டு தடவை கேட்டதையும், நான் இரண்டு தடவையும் இல்லை என்று சொன்னதையும், ஆமான்னு சொன்னால் திரும்பி வருவேன் என்று மாமா சொன்னதையும் ஒன்று விடாமல் சொன்னேன். அப்பா மறுபடி எனக்குச் சமமாகக் குத்துக்காலிட்டு உட்காருவார், தோளைப் பிடிப்பார் என்று நின்றேன்.

அப்பா பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டார். எழுந்து, கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விட்டார். அம்மா தட்டை எடுக்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. குழம்பில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.